வலியே இல்லையே, பல் டாக்டரிடம் எதற்குப் போகணும்? - செக்-அப் நாற்காலியில் நடப்பது இதுதான்!

பல் வலி ராத்திரி 11 மணிக்குத்தான் வரும். கிராம்பை வைத்துக் கடித்து, உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு மாத்திரை போட்டு நாலு நாள் ஓட்டுவோம். கன்னம் வீங்கிய பிறகுதான் நம் வீடுகளில் பல் டாக்டர் ஞாபகமே வரும். அந்த நிலையில் போகிறவருக்கு நடப்பது செக்-அப் இல்லை, அவசர வைத்தியம். ஊசி, ரூட் கேனல், செலவு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். 'பல் ஆஸ்பத்திரி என்றாலே வலி, செலவு' என்ற பயம் அன்றைக்கு இன்னும் உறுதியாகிவிடும். அடுத்த முறையும் கன்னம் வீங்கும் வரை போக மாட்டோம்.

இதில் பல்லின் அமைப்பும் நம்மை ஏமாற்றுகிறது. பல்லின் மேல் பூச்சான எனாமல்தான் மனித உடம்பிலேயே கடினமான பொருள். அதில் நரம்பு கிடையாது. அதனால் எனாமலில் சொத்தை விழுந்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது. அதைத் தாண்டி டென்டின் என்ற அடுத்த அடுக்குக்குப் போனால் ஐஸ்கிரீமும் இனிப்பும் கூச ஆரம்பிக்கும். அப்போதும் 'கூச்சத்துக்கான பேஸ்ட்' வாங்கி மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. நடுவில் இருக்கும் பல் கூழை எட்டிய பிறகுதான் அந்த 11 மணி வலி. முதல் கட்டத்தில் கண்டுபிடித்தால் ஃபுளோரைடு பூச்சோ, ஒரு சின்ன ஃபில்லிங்கோ போதும். கடைசிக் கட்டத்தில் ரூட் கேனல் செய்து மேலே கேப் போட வேண்டும், இல்லையென்றால் பிடுங்க வேண்டும். பல் அதேதான், போகிற நாள்தான் வேறு.

சரி, வலி எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் பல் டாக்டரிடம் போனால் என்னதான் நடக்கும்?

முதலில் கேள்விகள்

நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேள்விகள் தொடங்கும். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். 'பல்லுக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?' என்று பலர் அலுத்துக்கொண்டு 'ஒண்ணும் இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லக் கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குப் பல் எடுத்தால் ரத்தம் நிற்க நேரமாகலாம். டாக்டர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். (அதற்காகப் பல் டாக்டரிடம் போகிற அன்றைக்கு அந்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இது ஆபத்து. இதய டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.) பிரஷருக்குத் தரப்படும் அம்லோடிபின் சிலருக்கு ஈறுகளைத் தடிக்க வைக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு ஜோலெட்ரானிக் ஆசிட் போன்ற ஊசி போட்டுக்கொள்ளும் வயதானவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் சிக்கல் அரிதாக வரலாம். இதய வால்வு மாற்றியவர்களுக்குச் சில சிகிச்சைகளுக்கு முன்பு ஆன்டிபயாடிக் தேவைப்படும். இதையெல்லாம் நினைவில் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டு எடுத்துப் போனாலே போதும். அம்மா, அப்பாவை அழைத்துப் போகும்போது இது ரொம்ப முக்கியம்.

சர்க்கரை நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறில் தொற்று இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் கஷ்டம். இரண்டும் ஒன்றையொன்று கிளப்பிவிடும். வீட்டில் சர்க்கரை உள்ளவருக்கு 40 வயதிலேயே பற்கள் ஆடினால் 'வயசாகுது' என்று விட்டுவிடாதீர்கள்.

கர்ப்பமாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் வருவது சகஜம். 'குழந்தை கால்சியத்தை இழுத்துக்கொள்ளும், அதான் பல் போகுது' என்று பாட்டிகள் சொல்வது சரியில்லை. பல்லில் இருந்து கால்சியம் அப்படிப் போவதில்லை. வாந்தியில் வரும் அமிலமும், அடிக்கடி கொறிப்பதும், குமட்டலால் சரியாகப் பல் தேய்க்க முடியாமல் போவதும்தான் காரணம். செக்-அப்பும் கிளீனிங்கும் கர்ப்ப காலத்தில் செய்துகொள்ளலாம். நாற்காலியில் சாய்ந்து உட்கார வசதியாக இருப்பது 4 முதல் 6 மாதம் வரை.

பல்லைப் பார்ப்பதற்கு முன்பு வாயைப் பார்ப்பார்

நல்ல டாக்டர் நேராகப் பல்லுக்குப் போக மாட்டார். தாடைக்குக் கீழே, கழுத்தில் விரலால் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். காதுக்கு முன்னால் கை வைத்து வாயைத் திறந்து மூடச் சொல்வார். தாடை மூட்டு 'டக்' என்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். பிறகு உதட்டைப் புரட்டி, கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் மேல், அடி, இரண்டு ஓரங்கள், அண்ணம் என்று சுற்றி வருவார். இரண்டு, மூன்று நிமிடம்கூட ஆகாது. உங்களுக்கு இது சோதனை என்றே தோன்றாது.

ஆனால், செக்-அப்பில் உயிரோடு சம்பந்தப்பட்ட பகுதி இதுதான். வாய்ப் புற்றுநோய் அதிகமுள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆரம்பத்தில் பெரும்பாலும் அது வலிப்பதில்லை. கன்னத்துக்குள் துடைத்தாலும் போகாத ஒரு வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரணமில்லாத தடிப்பு... இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். கண்ணாடியில் பார்த்து நாமே கண்டுபிடிக்கலாம். ஆனால், நாக்குக்கு அடியில் யார் பார்க்கிறோம்?

தமிழகத்தில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும், அது கிடைக்கும் இடம் தேவைப்படுகிறவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. அதைவிட வீடுகளில் கவனிக்காமல் விடப்படுவது பாக்கு. 'புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குதான்' என்பது பலரது சமாதானம். புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் அறிவித்துவிட்டது. பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்பகுதி மெல்ல மெல்ல இறுகி நார் மாதிரி ஆகும். காரம் பட்டால் எரியும். வாய் திறக்கும் அளவு குறையும். மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நுழையவில்லையென்றால் பாக்கை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் டாக்டர் 'புகையிலை, பாக்குப் பழக்கம் உண்டா?' என்று கேட்பார். பக்கத்தில் மனைவியோ மகனோ இருப்பதால் 'இல்லை' என்று சொல்கிறவர்கள் அநேகம். பல்லில் இருக்கும் கறையே டாக்டருக்குப் பதில் சொல்லிவிடும் என்பது வேறு விஷயம். கூட வந்தவர்கள் கொஞ்சம் வெளியே உட்காருவது நல்லது.

'46 சொத்தை, 38 சாய்ந்திருக்கு!'

அடுத்து சின்னக் கண்ணாடியும், முனை வளைந்த ஊசி போன்ற கருவியும் வரும். டாக்டர் ஒவ்வொரு பல்லாகப் பார்த்து எண்கள் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொள்வார். '46 சொத்தை' என்று காதில் விழுந்தால் பதற வேண்டாம். வாயை நான்கு பாகமாகப் பிரித்து, மேல் வலதுக்கு 1, மேல் இடதுக்கு 2, கீழ் இடதுக்கு 3, கீழ் வலதுக்கு 4 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது இலக்கம், நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆக, 46 என்றால் கீழ் வலது கடைவாய்ப் பல்லில் முதலாவது. 38 என்றால் கீழ் இடது ஞானப் பல். பால் பற்களுக்கு 5 முதல் 8 வரை. இந்தக் கணக்கு தெரிந்தால் உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே படிக்கலாம். எந்தப் பல்லுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று சரிபார்க்கலாம்.

ஈறை ஒட்டிப் பல் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தால் பல் தேய்க்கும் முறையைப் பற்றி ஒரு பேச்சு நிச்சயம் உண்டு. கரி, செங்கல் பொடி, கரகரப்பான பல்பொடி, ஹார்டு பிரஷ் எல்லாம் செய்யும் வேலை அது. அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம் என்று நினைக்கிறோம். சாஃப்ட் பிரஷ், காலையும் ராத்திரியும் 2 நிமிடம், இது போதும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புத் திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமலிலேயே கறை பதிந்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதற்கு இதுவும் முக்கியக் காரணம். இந்தக் கறை சரியாகப் பல் தேய்க்காததால் வருவதில்லை, எவ்வளவு தேய்த்தாலும் போகவும் போகாது. வேண்டுமானால் டாக்டரிடம் அழகு சிகிச்சை செய்துகொள்ளலாம். கல்யாணம் பேசும் வீடுகளில் இதைச் சொல்லிப் பெண்ணைக் குறை பேசுகிறவர்களுக்கும் இது தெரிந்தால் நல்லது.

ஈறு சொல்லும் கணக்கு

மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய அளவுகோலைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக விட்டுப் பார்ப்பார்கள். லேசாகக் குத்துவது போலிருக்கும், அவ்வளவுதான். 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் இருந்து, ரத்தமும் வராவிட்டால் ஈறு நன்றாக இருக்கிறது. 4, 5 என்று எண் ஏறினால் ஈறு பல்லை விட்டு விலகத் தொடங்கிவிட்டது. பெரியவர்கள் பல் இழக்க ஒரு பெரிய காரணம் இந்த ஈறு நோய். சொத்தையே இல்லாத, பார்க்க அழகான பற்கள் வரிசையாக ஆடி விழுவது இதனால்தான். பிரஷ் செய்யும்போது ரத்தம் வருகிறதா? அதுதான் இதன் முதல் அறிகுறி. ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டால் இன்னும் மோசமாகும்.

எல்லா செக்-அப்பிலும் எக்ஸ்-ரே தேவையில்லை. இரண்டு பற்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் சொத்தை, வேரின் நுனியில் சீழ், முளைக்காத ஞானப் பல் ஆகியவை வெறும் கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் எடுப்பார்கள். சின்ன டிஜிட்டல் எக்ஸ்-ரே ஒன்றின் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து ஒரே நாளில் நம் உடம்பில் படும் அளவை ஒட்டியதுதான். அதனால் பயம் வேண்டாம். 'எதற்காக எடுக்கிறீர்கள்?' என்று கேட்பதில் தவறும் இல்லை.

கிளீன் செய்தால் பல் ஆடுமா?

பல் கிளினிக்குகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பல்லில் படியும் மெல்லிய அழுக்குப் படலத்தை அன்றாடம் தேய்த்து எடுக்காவிட்டால், எச்சிலில் உள்ள தாதுக்கள் சேர்ந்து அது காரையாக இறுகிவிடும். இறுகியதை பிரஷால் எடுக்க முடியாது. கீழ் முன்பற்களின் உள்பக்கம் நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அதுதான் காரை.

ஸ்கேலிங் கருவியின் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து காரையை உதிர்க்கும். சூடாகாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். 'கீய்ய்' என்ற சத்தம்தான் பயமுறுத்தும். அது பல்லைச் சுரண்டுவதில்லை, எனாமலைக் கரைப்பதும் இல்லை. முடிந்ததும் பற்களுக்கு நடுவில் இடைவெளி தெரியும். 'பாருங்க, பல்லைத் தேய்ச்சு இடைவெளி பண்ணிட்டாங்க' என்று அங்கேதான் புகார் கிளம்பும். அந்த இடைவெளி, ஈறு இறங்கிய நாளிலிருந்தே அங்கு இருந்ததுதான். காரை அதை அடைத்துக்கொண்டிருந்தது. சுவரில் விரிசலைப் பழைய அழுக்கு மூடியிருந்த மாதிரி. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லையும் காரைதான் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. விட்டுவைத்தால் அடியில் எலும்பு கரைந்துகொண்டே போகும்.

சில நாள் கூச்சம் இருக்கும், பிறகு போய்விடும். ஸ்கேலிங் முடிந்த அன்றைக்கு ரொம்பச் சூடான காபியும் ஐஸும் வேண்டாம். பல் பளீரென்று வெள்ளையாகும் என்று எதிர்பார்த்தும் போக வேண்டாம். வெள்ளையாக்குவது வேறு சிகிச்சை.

கருவி சுத்தமா? கேட்கலாம்!

கூச்சப்படாமல் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. 2022-23-ல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்துக்கொண்ட 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்று ஏற்பட்டது. 8 பேர் இறந்துபோனார்கள். வாயைக் கழுவப் பயன்படுத்திய சலைன் பாட்டிலைச் சுத்தம் செய்யாத கருவியால் திறந்து, சரியாக மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதை விசாரித்த மருத்துவக் குழு சுட்டிக்காட்டியது. பல் வலிக்காகப் போனவர்கள் அவர்கள்.

இதைப் படித்துவிட்டுப் பல் டாக்டர் பக்கமே போகாமல் இருப்பது தீர்வில்லை. நாற்காலியில் உட்காரும்போது பாருங்கள். டாக்டர் புது கையுறை போடுகிறாரா, கருவிகளை ஒட்டிய உறையிலிருந்து உங்கள் கண் முன்னால் பிரித்து எடுக்கிறாரா என்று கவனியுங்கள். ஆட்டோகிளேவ் என்ற இயந்திரத்தில் 121 டிகிரி அல்லது அதற்கு மேலான நீராவியில் வைத்தால்தான் கருவிகள் முழுதாகச் சுத்தமாகும். வெந்நீரில் போட்டு எடுத்தால் போதாது. ஊசி, சலைன் புதிதா என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிற டாக்டருக்குக் கோபம் வராது. சுவரில் பிடிஎஸ் அல்லது எம்டிஎஸ் பட்டமும், டென்டல் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தகுதியில்லாதவர் பல் வைத்தியம் பார்ப்பதைச் சட்டமே தடை செய்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சல்லிசாகப் பல் கட்டுகிறவரிடம் போவதற்கு முன்பு இதை யோசியுங்கள்.

லிஸ்ட் நீளமாக வந்தால்...

செக்-அப் முடிந்ததும் டாக்டர் ஒரு லிஸ்ட் கொடுப்பார். மூன்று ஃபில்லிங், ஒரு ரூட் கேனல், இரண்டு கேப் என்று நீண்டால் தலை சுற்றும். எல்லாவற்றையும் அன்றைக்கே முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. எது அவசரம், எதைத் தள்ளிப்போடலாம், தள்ளிப்போட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று கேளுங்கள். பல் எண்ணோடும் தொகையோடும் எழுதி வாங்குங்கள். எக்ஸ்-ரேயை மொபைலுக்கு அனுப்பச் சொல்லி இன்னொரு டாக்டரிடம் காட்டலாம். வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாதது போன்றவை இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. பெரும்பாலான மெடிக்ளைம் பாலிசிகள் விபத்தில் பல் போனால் தவிர, பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. அதனால் இந்தச் செலவு நம் கையிலிருந்துதான்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை?

6 மாதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எல்லோருக்கும் அது பொருந்தாது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு அவரவர் நிலையைப் பொறுத்து 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை என்றும், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதிகபட்சம் 1 ஆண்டு என்றும் வைத்திருக்கிறது. சர்க்கரை, ஈறு நோய், புகையிலை, பாக்கு, அடிக்கடி சொத்தை என்று ஏதாவது இருந்தால் சீக்கிரம் போக வேண்டும். பல்லெல்லாம் ஆரோக்கியமாக இருப்பவர் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தள்ளிப் போகலாம். பல் செட் கட்டியவர்களும் போகத்தான் வேண்டும். பல் இல்லாவிட்டாலும் ஈறும் நாக்கும் இருக்கிறதே!

குழந்தையை முதல் பிறந்த நாளுக்குள் ஒரு முறை காட்டிவிடச் சொல்கிறார்கள் குழந்தைப் பல் மருத்துவர்கள். 'விழுந்து முளைக்கிற பல்தானே' என்று விடுகிறோம். இதில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. சுமார் 6 வயதில், எந்தப் பால் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் புதிதாக முளைக்கும். அது பால் பல் இல்லை, ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். பெற்றோர் அதையும் பால் பல் என்று நினைத்துவிடுவதால், அதில் சொத்தை விழுந்தாலும் 'விழுந்துடும்' என்று காத்திருக்கிறார்கள். அந்தப் பல்லின் பள்ளங்களை முளைத்தவுடனேயே சீலன்ட் என்ற பூச்சால் அடைத்துவிடலாம். வலியோ ஊசியோ இல்லாத வேலை. 'சேட்டை பண்ணினா டாக்டர் ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கிடுவார்' என்று வீட்டில் மிரட்டி வைத்துவிட்டு, பிறகு நாற்காலியில் வாயைத் திறக்கச் சொன்னால் எந்தக் குழந்தை திறக்கும்?

செலவு யோசனை இருந்தால், சென்னையில் இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் பல் பிரிவு ஆகியவற்றுக்குப் போகலாம். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. மாணவர்கள் பார்ப்பார்கள், பேராசிரியர்கள் மேற்பார்வையிடுவார்கள். நேரம் மட்டும் கொஞ்சம் அதிகம் ஆகும். காலையிலேயே சாப்பிட்டுவிட்டு, பல் தேய்த்துக்கொண்டு, மாத்திரை அட்டைகளோடும் பழைய எக்ஸ்-ரே இருந்தால் அதோடும் போனால் ஓ.பி. சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வரலாம்.